எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்காமல் வீங்குவது ஏன்?

அகல்விழி:

வணக்கம். நட்சத்திரங்கள் பிறப்பது, இறப்பது பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். எங்கே பார்த்தாலும் ஒரே கதைதான். வாயு மேகம் சுருங்கி நட்சத்திரம் ஆகிறது, ஹைட்ரஜன் எரிந்து ஹீலியம் ஆகிறது, எரிபொருள் தீர்ந்ததும் அது வீங்கிச் சிவந்து இறந்துபோகிறது.

கடைசி வரிதான் எனக்கு இடிக்கிறது. எரிபொருள் தீர்ந்தால் உள்ளே சூடு குறைய வேண்டும். சூடு குறைந்தால் அழுத்தம் குறையும், ஈர்ப்பின் கை ஓங்கும், நட்சத்திரம் சுருங்கித்தானே போக வேண்டும்? நூறு மடங்கு வீங்குவது எப்படி?

இன்னொரு சந்தேகமும் உண்டு. மேகம் சுருங்கும்போது எல்லாமே நடுவில் போய் விழுந்திருக்கலாம். கோள்கள் உருவாகும் அளவுக்குக் கொஞ்சம் மட்டும் வெளியே நின்றது ஏன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இருள்மேகம்:

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு நான் முயல்கிறேன். இரண்டாவதை கல்லும்_மண்ணும் வந்து சொல்வார்.

"உள்ளே எரிவதால்தான் நட்சத்திரம் சூடாக இருக்கிறது" என்று எல்லாரும் நினைக்கிறோம். முடிச்சு அங்கேதான் விழுகிறது. நட்சத்திரத்தைச் சூடாக்கியது ஈர்ப்பு. அணுக்கரு இணைவு (ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சேர்ந்து ஹீலியம் ஆவது) செய்வது வேறு வேலை: நட்சத்திரம் மேலும் சுருங்காமல், மேலும் சூடேறாமல் அது பிடித்து வைத்திருக்கிறது.

எப்படி என்றால், வாயு உருண்டை தன் எடையாலேயே சுருங்கும்போது ஈர்ப்பு ஆற்றல் வெளிப்படுகிறது. அதில் பாதி ஒளியாக வெளியேறிவிடும், மீதிப் பாதி உள்ளேயே தங்கி வாயுவைச் சூடாக்கும். அதாவது வெப்பத்தை இழக்க இழக்க நட்சத்திரம் இன்னும் சூடாகிறது. நாம் அன்றாடம் தொட்டுப் புழங்கும் எந்தப் பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை. தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு கிடக்கும் வாயு உருண்டைக்கு மட்டும் இதுதான் இயல்பு.

சூரியன் இப்படித்தான் சில கோடி ஆண்டுகள் சுருங்கிச் சுருங்கி மையத்தில் 1.5 கோடி டிகிரியை எட்டியது. அந்தச் சூட்டில் ஹைட்ரஜன் இணைவு போதுமான வேகத்தில் நடக்கிறது. மேற்பரப்பில் எவ்வளவு வெப்பம் இழக்கிறதோ அவ்வளவும் மையத்திலிருந்து ஈடுகட்டப்படுகிறது. இழப்பு ஈடாகிவிட்டதால் சுருங்க வேண்டிய தேவை இல்லை. 460 கோடி ஆண்டுகளாக இந்த நிலைதான்.

இன்றைக்கு இணைவு வினை மொத்தமும் நின்றுபோனால் என்ன ஆகும்? சூரியன் அணைந்துவிடாது. மெல்லச் சுருங்கிக்கொண்டே இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒளிரும், உள்ளே சூடும் ஏறிக்கொண்டே போகும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் என்ற இயற்பியலாளர்கள் சூரிய ஒளிக்கே இதுதான் காரணம் என்றார்கள். கணக்கு தப்பில்லை, காலம்தான் போதவில்லை. பாறைகளைப் படித்தவர்கள் பூமிக்கு அதைவிடப் பல மடங்கு வயது என்று கண்டிருந்தார்கள். ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவது காரணமாக இருக்கலாம் என்று வானியலாளர் எடிங்டன் சொன்னது 1920இல். வினைகளைப் படிப்படியாக எழுதிக் காட்டியது இயற்பியலாளர் பெத்தே, 1939இல்.

இன்னொரு விவரம் பலருக்கு ஆச்சரியம் தரும். சூரிய மையத்தில் ஒரு கன மீட்டரில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. அதே அளவு மனித உடல் அதைவிட அதிக வெப்பம் தருகிறது! அவ்வளவு நிதானமான வினை அது. சூரியன் பிரகாசமாக இருப்பது அதன் பருமனால்தான்.

அகல்விழி:

இது புதிதாக இருக்கிறது. அப்படியானால் ஹைட்ரஜன் தீர்ந்ததும் பழையபடி சுருங்க ஆரம்பிக்க வேண்டும். வீக்கம் எங்கிருந்து வருகிறது?

இருள்மேகம்:

சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் சுருங்குவது மையம் மட்டும்.

மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து ஹீலியம் உருண்டை ஒன்று மிஞ்சும். அந்தச் சூட்டில் ஹீலியம் இணையாது. ஈடுகட்ட ஆள் இல்லாததால் அந்த ஹீலிய உருண்டை, அதாவது நட்சத்திரத்தின் கரு, சுருங்கிச் சூடேறுகிறது. அதை ஒட்டி வெளியே இருக்கும் ஓட்டில் இன்னும் ஹைட்ரஜன் இருக்கிறது. கருவின் சூடும் ஈர்ப்பும் ஏற ஏற அந்த ஓடு வெறித்தனமாக இணையத் தொடங்கும். முன்பு மையம் தந்ததைவிடப் பல நூறு மடங்கு ஆற்றல் அங்கிருந்து வருகிறது. மேலே இருக்கும் போர்வையால் இதைத் தாங்க முடியாது. விரிகிறது. விரிந்த மேற்பரப்பு குளிர்ந்து சிவப்பாகத் தெரிகிறது.

ஆக, சிவப்புப் பெருமீன் என்பது ஒரே உடலுக்குள் இரண்டு கதை: உள்ளே சுருங்கிக் கொதிக்கும் கரு, வெளியே விரிந்து ஆறும் உறை. "எரிபொருள் தீர்ந்ததால் வீங்குகிறது" என்று ஒரே வரியில் சொன்னால் உங்களைப் போல யோசிக்கிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். பாடப்புத்தகத்தில் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருக்கலாம் என்பது என் கருத்து.

அந்திவானம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தொடக்கத்தையும் கொஞ்சம் பேசுவோம். மேகம் சுருங்குகிறது என்று எல்லாரும் ஒரு வார்த்தையில் தாண்டிவிடுகிறோம். மேகம் சுலபத்தில் சுருங்குவதே இல்லை.

பர்னார்ட் 68 என்று ஒரு மேகம் உண்டு. படத்தைத் தேடிப் பாருங்கள். நட்சத்திரங்கள் நிறைந்த பின்னணியில் கறுப்பாக ஓட்டை விழுந்தது போலத் தெரியும். அங்கே ஓட்டை எதுவும் இல்லை. ஏறக்குறைய அரை ஒளியாண்டு அகலத்துக்கு, இரண்டு சூரியன் எடையில், தூசு கலந்த வாயு நம் பார்வையை மறைத்து நிற்கிறது. அகச்சிவப்பில் பார்த்தால் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றின் ஒளியும் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று அளந்து, மேகத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு தூசு என்று 2001இல் வரைபடமே போட்டுவிட்டார்கள். சுருங்கும் விளிம்பில் நிற்கும் வாயு உருண்டை எப்படி இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறதோ, அதனோடு அப்படியே பொருந்தியது.

உள்ளே வெப்பநிலை பத்து கெல்வினை ஒட்டி, அதாவது மைனஸ் 260 டிகிரிக்கும் கீழே. இவ்வளவு குளிர்ந்தால்தான் வாயுவின் அழுத்தம் அடங்கி ஈர்ப்புக்கு இடம் கிடைக்கும். இந்தப் போட்டிக்கு 1902இலேயே கணக்கு எழுதியவர் ஜேம்ஸ் ஜீன்ஸ். காந்தப்புலம், வாயுவின் கொந்தளிப்பு இரண்டும் சேர்ந்து சுருக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன. நம் பால்வீதியில் இத்தனை வாயு இருந்தும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடை அளவுக்குத்தான் புது நட்சத்திரங்கள் உருவாகின்றன.

நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கின்றன என்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கார்த்திகைக் கூட்டம் பிறந்து சுமார் 10 கோடி ஆண்டு ஆகிறது, இன்னும் கலையவில்லை. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தில் இப்போதும் பிறந்துகொண்டிருக்கின்றன.

கல்லும்_மண்ணும்:

அழைப்புக்கு நன்றி, இருள்மேகம். அகல்விழியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

எல்லாம் நடுவில் விழாததற்குக் காரணம் சுழற்சி. மேகம் முதலில் மிக மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு சுருங்கும்போது கோண உந்தம் (எடை, வேகம், அச்சிலிருந்து தூரம் மூன்றும் சேர்ந்த சுழற்சியின் அளவு) அப்படியே இருக்க வேண்டும் என்பதால் வேகம் பிடிக்கிறது. சுழல் அச்சின் திசையில் வாயு தடையின்றி விழலாம், பக்கவாட்டில் விழ முடியாது. அதனால் தட்டையான வட்டு ஒன்று உண்டாகிறது. சூரியக் குடும்பத்தின் எடையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனிடம் இருக்கிறது, கோண உந்தத்திலோ ஏறத்தாழ முழுவதும் கோள்களிடம், அதிலும் பெரும்பங்கு வியாழனிடம். அந்தப் பிரிவினையின் தடம் இன்றும் அழியவில்லை.

வட்டைப் பற்றிக் கணக்கில் மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2014இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி ஹெச்எல் டாரி என்ற குழந்தை நட்சத்திரத்தைப் படம்பிடித்தது. சுமார் 10 லட்சம் வயது, அதைச் சுற்றி அழுத்தமாகக் கீறியது போல வளையம் வளையமாக இடைவெளிகள். கோள் உருவாக இன்னும் காலம் பிடிக்கும் என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. 2018இல் பிடிஎஸ் 70 என்ற நட்சத்திரத்தின் வட்டு இடைவெளிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் கோளையே நேரடியாகப் படமெடுத்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது கோளும் கிடைத்தது.

ஆனால் தூசு எப்படிக் கோளாகிறது என்பதில் ஒரு பெரிய தடை உண்டு. மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு தூசுகள் மோதினால் ஒட்டிக்கொள்ளும். மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வரை பிரச்சினை இல்லை. மீட்டர் அளவு வந்ததும் இரண்டு வம்பு. மோதினால் ஒட்டாமல் உடைகிறது. அதைவிட மோசம், எதிர்க்காற்று. வட்டில் உள்ள வாயு தன் அழுத்தத்தின் தாங்குதலால் சற்று மெதுவாகச் சுற்றுகிறது, கல்லோ முழு வேகத்தில் சுற்றுகிறது. அந்தக் காற்றை எதிர்த்துப் போகும் கல் வேகம் இழந்து உள்நோக்கிச் சுழன்று, நூறு ஆண்டு அளவிலேயே நட்சத்திரத்துக்குள் போய்விடும். வைடன்ஷில்லிங் இதை 1977இல் எழுதிக் காட்டினார். நூறு ஆண்டுக்குள் மீட்டரிலிருந்து கிலோமீட்டருக்கு வளர வேண்டும். எப்படி?

அகல்விழி:

எப்படி? நாம் இங்கே இருக்கிறோமே!

கல்லும்_மண்ணும்:

படிப்படியாக வளராமல் ஒரே தாவாகத் தாவியிருக்க வேண்டும் என்பதுதான் இன்று வலுவாக நிற்கும் பதில். கூழாங்கற்கள் ஓரிடத்தில் கொஞ்சம் நெருங்கினால் அவை சேர்ந்து அங்குள்ள வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும், எதிர்க்காற்று தணியும். பின்னால் வரும் கற்கள் அந்தக் கூட்டத்தில் வந்து சேரும். கூட்டம் அடர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் தன் ஈர்ப்பாலேயே குவிந்து, பத்து, நூறு கிலோமீட்டர் பொருளாக நேரடியாக உருவாகிவிடும். யூடினும் குட்மனும் 2005இல் முன்வைத்தது.

எனக்கு இதில் நம்பிக்கை வந்தது அரோகோத்தின் படங்களைப் பார்த்த பிறகு. 2019 ஜனவரி 1 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவுக்கு அப்பால் கடந்துபோன 36 கிலோமீட்டர் நீளப் பொருள் அது. இரண்டு தட்டையான உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒட்டிய கழுத்துப் பகுதியில் நசுங்கலோ விரிசலோ இல்லை. வேகமாக மோதியிருந்தால் இரண்டும் சிதைந்திருக்கும். ஒரே கூழாங்கல் மேகம் குவிந்தபோது பக்கத்தில் பக்கத்தில் உருவாகி, ஒன்றையொன்று சுற்றி, மெல்ல வந்து தொட்டிருக்கின்றன. 400 கோடி ஆண்டுக்கும் மேலாக யாரும் தொந்தரவு செய்யாததால் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம் கதை வேகமாக ஓடுகிறது. நீர் உறையும் எல்லைக்கு அப்பால் பனியும் சேர்வதால் பெரிய கருக்கள் வளரும், பூமியைப் போல் பத்து மடங்கு எடை வந்தால் வாயுவை வாரி விழுங்கும். வட்டு சில கோடி ஆண்டுகூட நிற்காது, பெரும்பாலும் சில பத்து லட்சம் முதல் ஒரு கோடி ஆண்டுக்குள் கலைந்துவிடும். அதற்குள் முந்தினால்தான் வியாழன். உள்ளே பாறைக் கோள்கள் அதன் பிறகும் மோதி மோதிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்தன.

ரேடியோ_காது:

பெரிய நட்சத்திரங்களின் சாவைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லையே. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

இருள்மேகம் சொன்ன சுருங்கு, சூடேறு, அடுத்த எரிபொருளைப் பிடி என்ற விளையாட்டைப் பெரிய நட்சத்திரங்கள் கடைசிவரை ஆடுகின்றன. சூரியனைப் போல் 25 மடங்கு எடையுள்ள நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கைப் பாருங்கள். ஹைட்ரஜன் சுமார் 70 லட்சம் ஆண்டு, ஹீலியம் 7 லட்சம், கார்பன் சில நூறு ஆண்டு, நியான் ஓராண்டு, ஆக்சிஜன் சில மாதம், சிலிக்கான் ஒரே ஒரு நாள்!

கார்பனுக்கு அப்புறம் ஏன் இந்த ஓட்டம்? அடுத்தடுத்த எரிபொருள் தரும் ஆற்றல் குறைவு என்பது பாதிக் காரணம். மீதி, நியூட்ரினோ என்ற நுண்துகள். அந்தச் சூட்டில் மையத்தில் நியூட்ரினோக்கள் ஏராளமாகப் பிறந்து, எதிலும் மோதாமல் நேராக வெளியே போய்விடுகின்றன. ஒளி வெளியேறப் பல்லாயிரம் ஆண்டு எடுக்கும் இடத்திலிருந்து இவை நொடிகளில் போகின்றன. இழப்பு கூடினால் சுருக்கமும் கூடும். மேற்பரப்புக்குச் செய்தியே போய்ச் சேராது, அதற்குள் உள்ளே எல்லாம் முடிந்துவிடும்.

இரும்பில் வந்து நின்றதும் இணைத்தாலும் லாபமில்லை, பிளந்தாலும் லாபமில்லை. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு எடை சேர்ந்த இரும்புக் கரு ஒரு நொடிக்குள் சரிந்து, இருபது கிலோமீட்டர் அகல நியூட்ரான் நட்சத்திரமாகிறது, அதாவது ஏறத்தாழ நியூட்ரான்களே நெருங்கிக் கிடக்கும் உருண்டை. இன்னும் எடை கூடினால் கருந்துளை. வெளிப்படும் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோக்களோடு போகிறது. அந்தச் சரிவால் வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறுவதுதான் சூப்பர்நோவா; நாம் பார்த்து வியக்கும் அதன் வெளிச்சம் மிச்சத்திலும் சிறு பங்குதான்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1987 பிப்ரவரி 23 அன்று, பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து நட்சத்திர மண்டலத்தில், ஏறக்குறைய 1,68,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு நட்சத்திரம் வெடித்தது. ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள் இருந்த காமியோகாண்டே நீர்த்தொட்டியில் 11, அமெரிக்காவின் ஐஎம்பி உணர்கருவியில் 8, சோவியத் பாக்சன் ஆய்வகத்தில் 5 என 24 நியூட்ரினோக்கள் சில நொடிகளுக்குள் பதிவாயின. ஒளி வந்தது அதற்குச் சில மணி நேரம் கழித்து. 24தான், ஆனால் கரு சரிவதைப் பற்றிய அடிப்படைக் கணக்கைச் சரிபார்க்க அது போதுமானதாக இருந்தது.

நவமணி:

இதையெல்லாம் படிக்கும்போது மெய்சிலிர்க்கிறது. நம் உடம்பில் உள்ள எல்லாத் தனிமங்களும் சூப்பர்நோவாவில் பிறந்தவை என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக. அப்புறம், திருவாதிரை நட்சத்திரம் எந்த நாளும் வெடிக்கும் என்கிறார்களே. 2019 கடைசியில் திடீரென மங்கியது. நம் காலத்திலேயே பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அந்திவானம்:

நவமணி, நானும் அந்தக் குளிர்காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வழக்கமாகப் போட்டிக்கு நிற்கும் ரோகிணியைவிட மங்கலாக நின்றது. ஆனால் காரணம் வெளியே இருந்தது. மேற்பரப்பிலிருந்து ஒரு பெரிய வாயுத்துண்டு பிய்ந்து, தள்ளிப் போய்க் குளிர்ந்து தூசாகி நமக்கு முன்னால் திரைபோட்டது. 2020 ஏப்ரலுக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ரேடியோ_காது சொன்னதை யோசியுங்கள்: உள்ளே நடக்கும் முடிவு மேற்பரப்பில் தெரியவே தெரியாது. மங்குவதை வைத்து நாள் குறிக்க வழியில்லை. பெரும்பாலான கணிப்புகள் அது இன்னும் ஹீலியம் கட்டத்தில் இருக்கிறது என்கின்றன. ஒரு லட்சம் ஆண்டு என்ற அளவில் பேசலாம். வெடித்தால் பகலிலும் தெரியும், இந்தத் தூரத்தில் நமக்கு ஆபத்தில்லை.

ரேடியோ_காது:

"எல்லாத் தனிமங்களும்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆக்சிஜனுக்கு அது சரி. ஹைட்ரஜன் நட்சத்திரங்களுக்கும் முந்தியது. கார்பனிலும் நைட்ரஜனிலும் பெரும் பங்கு சூரியனையொத்த, சற்றுப் பெரிய நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் அமைதியாக ஊதித் தள்ளியது. இரும்பில் பாதிக்கு மேல் வெண்குறுமீன்கள் (சூரியனையொத்த நட்சத்திரங்கள் முடிவில் விட்டுச்செல்லும் அடர்ந்த சிறு கரு) வெடித்ததில் வந்தது. தங்கம் போன்ற கனமானவற்றில் பெரும் பங்கு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிக்கொண்டதில் வந்திருக்கலாம். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் அப்படி ஒரு மோதலை ஈர்ப்பலையாகவும் (ஈர்ப்பால் விண்வெளியில் பரவும் அதிர்வு) ஒளியாகவும் பார்த்தார்கள், அதன் ஒளியில் ஸ்ட்ரான்ஷியம் என்ற கனமான தனிமத்தின் தடம் கிடைத்தது. வெடிக்காமல் சாகும் நட்சத்திரங்களுக்கும் உரிய பங்கைக் கொடுப்போம்.

கல்லும்_மண்ணும்:

நட்சத்திரங்கள் தயாரித்த தனிமங்கள் நம் மேகத்தில் கலந்தன என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சாட்சி உண்டு. 1969இல் மெக்சிகோவில் விழுந்த அயெந்தே விண்கல். வெட்டிய முகத்தைப் பார்த்தால் சாம்பல் நிறக் கல்லில் ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகள் தெரியும், சில ஒரு சென்டிமீட்டர் வரை. கால்சியமும் அலுமினியமும் நிறைந்தவை. அவற்றின் வயது 456.7 கோடி ஆண்டு. சூரியக் குடும்பத்தில் நாம் அளந்தவற்றில் மிகப் பழைய திடப்பொருள் இவைதான்.

அந்தத் திட்டுகளில் மெக்னீசியம்-26 அளவுக்கு மீறி இருக்கிறது. அலுமினியம் எங்கே அதிகமோ அங்கே இதுவும் அதிகம். காரணம், அங்கே முதலில் அலுமினியம்-26 என்ற கதிரியக்க வகை இருந்து பின் மெக்னீசியம்-26 ஆகச் சிதைந்திருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 7 லட்சம் ஆண்டுதான். ஆக, நம் சூரியன் உருவாவதற்குச் சற்று முன்புதான் பெரிய நட்சத்திரம் ஏதோ ஒன்று அதைத் தயாரித்து நம் மேகத்தில் கலந்திருக்கிறது. சூப்பர்நோவாவா, வெடிக்கும் முன் வீசிய காற்றா என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் காற்றின் பக்கம். சூப்பர்நோவா என்றால் கூடவே இரும்பு-60 என்ற கதிரியக்க இரும்பும் நிறைய வந்திருக்க வேண்டும், புதிய அளவீடுகளில் அது குறைவாகத்தான் இருக்கிறது.

இதே அலுமினியத்தின் கதிரியக்க வெப்பம்தான் ஆரம்பகாலச் சிறுகோள்களை உள்ளே உருக வைத்தது. உருகியதால் இரும்பு கீழே இறங்கிக் கருவானது. இரும்பு விண்கற்கள் என்பவை அப்படி உண்டான கருக்களின் உடைந்த துண்டுகள்.

அகல்விழி:

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. சூரியனுக்கு இரும்பு வரை போகும் எடை கிடையாது. அப்படியானால் அதன் சுருக்கம் எங்கே நிற்கும்? பூமிக்கு என்ன ஆகும்?

இருள்மேகம்:

ஹீலியம் கரு 10 கோடி டிகிரியைத் தொட்டதும் ஹீலியம் இணைந்து கார்பனும் ஆக்சிஜனும் ஆகும். அதோடு சரி. உறை மொத்தமும் வெளியே போய்விட, சூரியனின் எடையில் பாதிக்குச் சற்று அதிகமான கரு, பூமியின் பருமனில் மிஞ்சும். வெண்குறுமீன்.

உங்கள் முதல் கேள்வியில் "எரிபொருள் தீர்ந்தால் சூடு குறைய வேண்டும்" என்ற பகுதி இங்கேதான் உண்மையாகிறது. வெண்குறுமீனைத் தாங்குவது சூடு இல்லை. எலக்ட்ரான்களை ஒரு அளவுக்கு மேல் நெருக்க முடியாது என்ற குவாண்டம் விதி. அந்த அழுத்தத்துக்கு வெப்பம் தேவையில்லை. அதனால் வெப்பத்தை இழந்தாலும் அது சுருங்குவதில்லை, சுருங்காததால் மறுபடி சூடேறுவதும் இல்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது நிஜமாகவே குளிரத் தொடங்குகிறது. என்னைக் கேட்டால் நட்சத்திரத்தின் சாவு என்று சொல்ல வேண்டியது இந்தத் தருணத்தைத்தான்.

இந்தத் தாங்குதலுக்கும் ஒரு வரம்பு உண்டு என்று 1930இல், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில், 19 வயதில் கணக்குப் போட்டவர் சந்திரசேகர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. ரேடியோ_காது சொன்ன இரும்புக் கரு சரிவதும் ஏறத்தாழ அந்த எடையில்தான். 1935இல் எடிங்டன் அதைப் பொதுமேடையில் மறுத்தார். சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது 1983இல்.

பூமிக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. சூரியன் 100 கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது. அடுத்த 100 கோடி ஆண்டு வாக்கில் கடல்கள் நிற்காது. பெருமீன் ஆகும்போது புதனும் வெள்ளியும் உள்ளே போய்விடும். பூமி இழுபறி: சூரியன் எடை இழப்பதால் சுற்றுப்பாதை அகலும், வீங்கிய உறையின் ஈர்ப்பு (கடலில் ஏற்ற இறக்கம் உண்டாக்கும் அதே வகை இழுப்பு) உள்ளே இழுக்கும். மாதிரிக்கு மாதிரி பதில் மாறுகிறது.

தப்பித்த கோள்களின் கதி என்ன என்பதற்கு வெளியே உதாரணம் உண்டு. வெண்குறுமீனின் ஈர்ப்புக்கு, கால்சியமும் இரும்பும் சீக்கிரமே ஆழத்தில் அமிழ்ந்துவிட வேண்டும். ஆனாலும் கால்வாசிக்குக் குறையாத வெண்குறுமீன்களின் மேற்பரப்பில் அவை தென்படுகின்றன, அதாவது பாறைகள் இப்போதும் விழுந்துகொண்டிருக்கின்றன. 2015இல் கெப்ளர் தொலைநோக்கித் தரவில் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். டபிள்யூடி 1145+017 என்ற வெண்குறுமீனை நாலரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் சிதைந்த பொருள் ஒன்று, தூசு வால் விட்டபடி அதன் ஒளியை மறைத்து மறைத்துப் போகிறது.